கோட்டை வாசலில் நின்றவன்

கோப்பி வேண்டாம், தங்கச்சி. நான் நாளுக்கு ஒருமுறை, காலையில் மட்டுந்தான் குடிப்பேன். விசாரணை செய்கிற தொத்தரேசாவுக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். சன்னலை மட்டும் கொஞ்சம் சாத்தினால் நல்லது. வெளியே வாகனச் சத்தம் கூடுதல். நான் மெதுவாகக் கதைக்கிறவன்.

எழுத்துத் தமிழிலேயே சொல்லுகிறேன். ஊரில் ஆறு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்ததில் வந்த பழக்கம். நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை என்று உங்கள் தமிழிலேயே தெரிகிறது. மொழிபெயர்க்கும்போது விளங்காத சொல் வந்தால் நிறுத்துங்கள், வேறு சொல் தருகிறேன். வக்கீல் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனால் நேற்றுக் காலை நான் யாரும் கூப்பிடாமல் இந்தப் போலீஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்கு, நடந்து வந்தவன். வந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது மரியாதை இல்லை.

என் பெயர் கஜானன். வயது நாற்பத்தாறு. பலெர்மோவுக்கு வந்து பதினைந்து வருடம். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பொம்மலாட்டக் கொட்டகையில் வேலை செய்கிறேன். கூட்டித் துடைப்பது, ரிக்கற் கிழிப்பது, ஆட்டம் முடிந்ததும் மேடையில் விழுந்து கிடக்கும் பொம்மைகளைத் தூக்கிக் கொழுவுவது.

விதுரனைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே முகவரோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். எல்லை கடக்கிற காட்டில், பனிக்குள், என் கணுக்கால் முறிந்துபோனது. கூட்டிக்கொண்டு போனவன் என்னை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னான். விதுரன் என்னை முதுகில் தூக்கினான். ஒன்றரை நாள் தூக்கினான். நான் அவனைவிட உயரம். என் மற்றக் கால் பனியில் இழுபட்டுக்கொண்டே வந்தது. உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு தடவை அவனிடம் கேட்டேன். "பேசாமக் கிட மச்சான், மூச்சு வாங்குது" என்றான். அன்றைக்கு நான் மனதுக்குள் ஒரு சத்தியம் செய்தேன். இனி என் உயிர் இவனுடையது என்று. அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. இதைக் கேட்டதும் தொத்தரேசா நிமிர்ந்து பார்க்கிறார். பரவாயில்லை, முழுவதையும் கேட்கட்டும்.

ஏழு வருடத்துக்கு முன் விதுரன் ஊருக்குப் போய் ஆரணியைக் கலியாணம் முடித்தான். விசா கிடைத்து அவள் தனியாக வந்து இறங்கிய நாள் ஓகஸ்ட் மாதம். விதுரன் அப்போது மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்டோரன்ரில் வேலை. ஓகஸ்டில் மொண்டெல்லோவில் யாருக்கும் லீவு கொடுக்கமாட்டார்கள். அதனால் விமானநிலையத்துக்கு என்னை அனுப்பினான். நான் சலவை செய்த சேட் போட்டுக்கொண்டு போனேன். பேருந்தில் அவளைச் சன்னல் பக்கம் இருத்திவிட்டு நான் இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். கடல் வந்ததும் திரும்பி, "இது எந்தக் கடல் அண்ணா?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு பையைத் திறந்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்த பருத்தித்துறை வடை இரண்டு எடுத்து நீட்டினாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பது நிமிடப் பயணம். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னபடியால் சொல்லுகிறேன்.

கொட்டகையில் ஒரு கதை அடிக்கடி போடுவார்கள். வயதான அரசன் ஒருவன் கடலுக்கு அப்பாலிருந்து மணப்பெண்ணைக் கூட்டிவரத் தன் உயிர்த் தோழனான வீரனை அனுப்புகிறான். வீரன் கப்பலில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்று வந்து சேர்கிறான். பிறகு அரசன் யுத்தத்துக்குப் போகிறான். ராணியைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை வீரனிடம் கொடுக்கிறான். வீரன் வாசலில் நிற்கிறான். மழை, வெயில், ஏழு வருடம். ஒரு படிகூட மேலே ஏறுவதில்லை. சபையில் இருக்கிற ஒருவன் பாசறைக்குப் போய் அரசனின் காதில் ஓதுகிறான், ராணிக்கும் வீரனுக்கும் தொடுப்பு என்று. அரசன் திரும்பி வந்து வாசலிலேயே வீரனைக் குத்துகிறான். சபைக்காரன் மேடைக்கு வந்தாலே சனங்கள் கடலைக் கோதும் தோடம்பழத் தோலும் எறிவார்கள். அவற்றையெல்லாம் கூட்டுவது நான்.

அந்தக் கதையை முந்நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். வாசலில் நிற்கிற வீரனின் பொம்மை பதின்மூன்று கிலோ. அதன் தகரக் கவசத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்தான் துடைப்பேன். ஒருமுறை விதுரனையும் ஆரணியையும் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தினேன். வெளியே வந்ததும் ஆரணி, "அந்தப் பொம்பிளையிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே" என்றாள். விதுரன் சிரித்தான். அவளுக்குக் கதை சரியாக விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இத்தாலியன் அப்போது அவளுக்கு அவ்வளவு வராது.

போன செப்டெம்பரில் விதுரனுக்குச் சுற்றுலாக் கப்பலொன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. எட்டு மாதம் கடலில். துறைமுக வாசலில் என் கையைப் பிடித்து, "அவள் தனிய இருக்கப்போறாள். பாத்துக்கொள் மச்சான்" என்றான்.

"நீ யோசியாமப் போ. நான் நிக்கிறன்" என்றேன்.

அவன் வீடு சீசாவில், பழைய அரசர்கள் கட்டிய மாளிகைக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடி. நான் இருந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த தெருவில் ஓர் அறை எடுத்தேன். ஆரணி பொலிதேயாமாவுக்குக் கிட்ட ஓர் இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் வேலை. காலை ஏழு மணிக்கு நான் கட்டட வாசலில் நிற்பேன். பேருந்து வரைக்கும் நான்கு அடி பின்னால் நடப்பேன். பின்னேரம் சிஞ்ஞோராவின் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். முதல் வாரம், "வேண்டாம் அண்ணா, எனக்கு வழி தெரியும்" என்றாள். வழி தெரிவது வேறு, காவல் வேறு என்று விளங்கப்படுத்தினேன். இரண்டாம் மாதம் அவள் பத்து நிமிடம் முந்தி இறங்கத் தொடங்கினாள். அதனால் நான் இருபது நிமிடம் முந்திப் போய் நின்றேன்.

அவர்களுடைய வீட்டு வாசலை நான் ஒருநாளும் தாண்டவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கொட்டகை வேலை இல்லாத நாட்களில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படியில் இருப்பேன். அங்கே இருந்தால் அவள் என்ன சமைக்கிறாள், யாரோடு கதைக்கிறாள் என்பதெல்லாம் கேட்கும். கீழ்வீட்டுக் கிழவர் ஒருநாள் சத்தம் போட்டார். ஆரணி கதவைத் திறந்து, இவர் என் கணவரின் சிநேகிதர் என்று சொல்லி அவரை அனுப்பினாள். எனக்கு அன்று முழுக்க நல்ல சந்தோசம். கதவைச் சாத்தியதும் உள்ளே ஏதோ பாரமான சாமானை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற சத்தம் கேட்டது. கவனமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவளுடைய போன் பழுதானபோது திருத்திக்கொடுத்தது நான். அப்போதே அவளுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் என் போனிலும் தெரிகிற மாதிரிச் செய்துகொண்டேன். அது பெரிய வேலை இல்லை. ஆபத்து எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் எப்படிக் காவல் காப்பது?

ஏரிக் அந்த வழியாகத்தான் எனக்குத் தெரியவந்தான். ஆரணி வேலை செய்யும் கட்டடத்திலேயே பிரிசிலா என்று மொரீசியஸ்காரப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். அவளுடைய தம்பி ஏரிக். பூட்டன் காலத்தில் தமிழர்கள். தைப்பூசத்துக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசுவான், தமிழ் ஒரு சொல் வராது. மொண்டெல்லோவில் கடற்கரை ரெஸ்டோரன்ரில் வேலை. ஆரணிக்குக் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ், பத்தெந்தே, எடுக்க ஆசை. எழுத்துச் சோதனை இத்தாலியனில். ஏரிக் அதில் பாஸ் பண்ணியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியுமாக வந்து அவளுக்குப் படிப்பித்தார்கள். ஒருநாள் பேருந்து வேலைநிறுத்தம். ஏரிக் தன் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து இறக்கினான். நான் மூலையில் நின்றேன். ஹெல்மெற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். தலைமயிர் எல்லாம் குலைந்து போயிருந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் ஏழு வருடத்தில் கண்டதில்லை.

அன்றைக்கே விதுரனுக்கு எழுதினேன். இன்றைக்கு ஆரணி ஏரிக்கின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினா, சிரித்துக்கொண்டு வந்தா. அவ்வளவுதான். இதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. உங்களிடம் என் போன் இருக்கிறது. அப்படி நாற்பத்தொரு மெசேஜ் எழுதினேன், ஒன்றிலும் பொய் இல்லை. ஞாயிறு வந்தவன், இரண்டு மணித்தியாலம் உள்ளே இருந்தான் என்று எழுதினேன். பிரிசிலாவும் கூட இருந்ததை எழுதவில்லை. விதுரன் அதைக் கேட்கவில்லை.

அவளிடம் கேட்கிறேன் என்று விதுரன் பதில் போட்டான். கேளாதே, கேட்டால் ஒளிப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். ஆரணியிடம், அவனுக்கு நித்திரை இல்லாத வேலை, சின்னச் சின்னக் கதைகளைச் சொல்லிக் கரைச்சல் கொடுக்காதையும் என்று சொன்னேன். அவள் குறைத்துக் கதைத்தாள். அவள் குறைத்துக் கதைக்கிறாள் என்பதை விதுரன் கவனித்தான்.

என்ன கேட்கிறார் தொத்தரேசா? ஜெனோவா. ஓம். கப்பல் வேலை முடிய ஜெனோவாத் துறைமுகத்தில் கரை வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் ஆரணியை அங்கே கூட்டிப்போகிறேன் என்று விதுரன் எனக்கு எழுதினான். மார்ச் ஐந்தாம் திகதி. சரி. ஸ்கூட்டர் மெசேஜ் மார்ச் ஏழாம் திகதியா? நீங்கள் போனைப் பார்த்துச் சொல்லுகிறீர்கள், சரியாகத்தான் இருக்கும். வேலைநிறுத்தம் பெப்ரவரியில் நடந்ததா? அப்படியென்றால் அன்றைக்கே எழுதினேன் என்று சொன்னது என் ஞாபகப்பிழை. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததில்லை. யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

பெர்மெசோ, அந்த வதிவிட அனுமதி விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரணியின் பெர்மெசோ ஏப்ரலில் முடிகிறதாக இருந்தது. புதுப்பிக்கிற விண்ணப்பக் கட்டை நிரப்பித் தபாற்கந்தோரில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். நான் கொடுக்கவில்லை. அது என் அறையில், மேசை லாச்சிக்குள், உறையோடு பத்திரமாக இருக்கிறது. கடுதாசி இல்லாமல் புது ஊரில் போய் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இங்கே என்றாலும் நான் இருக்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு விதுரன் போன் எடுத்தான். இந்தப் புதன்கிழமையல்ல, அடுத்த புதன்கிழமை வருகிறேன், ஆரணிக்குச் சொல்லாதே என்றான். சொல்லாமல் வா, வந்து உன் கண்ணால் பார் என்று நான்தான் பல தடவை எழுதியிருந்தேன். நாப்போலியிலிருந்து இரவுக் கப்பல், காலை ஆறரைக்கு வந்துவிடும். பலெர்மோக் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக ரோசாலியா மாதாவின் மலைக்கு ஏறுவதாக நேர்த்தி வைத்திருந்தான். இங்குள்ள எங்கள் சனம் எல்லாரும் ஏறுகிற மலைதான் அது. பெலெக்ரினோ மலையடிவாரத்தில் சந்திப்பதாகச் சொன்னேன். ஞாயிறு என்றால் சனம் இருக்கும். புதன் காலையில் யாரும் இருப்பதில்லை.

போனை அறையில் வைத்துவிட்டுப் போனேன். கோயிலுக்குப் போகும்போது போன் எதற்கு? தொத்தரேசா இதற்கு வேறு அர்த்தம் எடுப்பார் என்று தெரியும்.

அவன் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினான். கல் பதித்த பழைய பாதை, வளைந்து வளைந்து போகும். மெலிந்து கறுத்துப்போயிருந்தான். நான் ஏரிக்கைப் பற்றித் தொடங்கினேன். அவன் கேட்டுக்கொண்டே ஏறினான். மூன்றாவது வளைவில் கட்டைச் சுவர் ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப்பக்கம் சரிவு. அவன் அதில் ஏறி இருந்து காலில் குத்திய கல்லைத் தட்டினான். கீழே துறைமுகம் தெரிந்தது.

"கப்பல்ல இரவு முழுக்க யோசிச்சனான் மச்சான்" என்றான். "மூண்டு மாசமா நீ சொல்லுறதைக் கேக்கிறன், அவள் சொல்லுறதை ஒருநாளும் கேக்கேல்லை. இப்ப வீட்டை போய் அவளிட்டையே கேக்கப்போறன். இல்லை எண்டு சொன்னால், இல்லைதான்."

பிறகு ஜெனோவா வீட்டைப் பற்றிச் சொன்னான். திங்கட்கிழமைதான் ஒப்பந்தம் கையெழுத்து வைத்தானாம். இரண்டு அறை, குசினிச் சன்னலைத் திறந்தால் எலுமிச்சை மரம். ஆரணிக்கு இன்னும் சொல்லவில்லையாம், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவனுடைய முகம் பழைய விதுரனுடைய முகமாக இருந்தது. என்னுடைய முழங்காலில் தட்டினான்.

"நீ எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கிறாய். இனி நீ நிக்கத் தேவையில்லை."

நான் எழும்பினேன். அவனுடைய இரண்டு தோளிலும் கை வைத்தேன். கட்டிப்பிடிக்க வருகிறேன் என்று நினைத்திருப்பான், கையை விரித்தான். பிறகு சுவரில் அவன் இல்லை.

உடனே முடியவில்லை. சரிவில் எங்கேயோ தங்கிவிட்டான். என்னைக் கூப்பிட்டான். முதலில் சத்தமாக, கஜன், கஜன் என்று. பிறகு தண்ணீர் கேட்டான். என்னிடம் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. இறங்குவதற்கு ஓர் ஆட்டுப்பாதையும் இருந்தது. எனக்கு அந்த மலை நன்றாகத் தெரியும். நான் சுவரில், அவன் இருந்த இடத்திலேயே இருந்தேன். நாற்பது நிமிடம் இருக்கும். சத்தம் நிற்கும் வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. விட்டுவிட்டு ஓடியவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

ஏன் நிறுத்திவிட்டீர்கள், தங்கச்சி? தண்ணீர் குடியுங்கள். எனக்கு அவசரம் இல்லை. சொன்னபடியே சொல்லுங்கள், ஒன்றையும் குறைக்க வேண்டாம்.

பத்து மணிக்குக் கொட்டகை வேலைக்குப் போனேன். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு காலை ஆட்டம் இருந்தது. அடுத்த நாள் மலையில் ஓடப்போன ஒருவர் கண்டு சொன்னார். உடலை அடையாளம் காட்ட ஆரணியை விடவில்லை, நான் போனேன். அந்தக் கோலத்தை ஒரு பெண் பார்க்கக்கூடாது. அவன் வருவதே எனக்குத் தெரியாது, பத்து நாளுக்கு முன் கதைத்ததுதான் கடைசி என்று போலீசுக்குச் சொன்னேன். கால் தவறி விழுந்திருக்கலாம் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். நான் அதோடு விட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

செத்தவீட்டுக்கு ஏரிக்கும் பிரிசிலாவும் வந்தார்கள். அந்த ஏழு நாளும் ஆரணி என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் சோறு வாங்கிக்கொண்டு போய் வாசலில் வைப்பேன், அது அப்படியே இருக்கும். ஆனால் ஏரிக் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் ஏதோ இரண்டு சொல் சொன்னான். அவள் அவனுடைய சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அன்று திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன்.

அடுத்த நாள் போலீசிடம் போய், விதுரனுக்கும் ஏரிக்குக்கும் பகை இருந்தது என்று சொன்னேன். விதுரன் கோபத்தில் எனக்கு அனுப்பிய மெசேஜ்களைக் காட்டினேன். அவன் வரவு ஏரிக்குக்குத் தெரிந்திருக்கலாம் என்றேன். ஏரிக் காலை எட்டு மணி வரை கடற்கரையில் தனியாகக் கதிரை விரிப்பவன், அவனைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவனுடைய நேரம் எல்லாம் நான் எழுதி வைத்திருந்தேன். ஒன்பது வாரமாக அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். பிரிசிலா என்னைத் தெருவில் கண்டு, தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி அழுதாள். கடவுளைக் கும்பிடச் சொன்னேன்.

அந்த ஒன்பது வாரமும் நன்றாகத்தான் போனது. ஏழு மணிக்கு ஆரணி இறங்குவாள், நான் பின்னால் நடப்பேன். முந்தி இறங்குவதை விட்டுவிட்டாள். ஒருநாள் பேருந்துத் தரிப்பில் அவள் மிகவும் சோர்ந்து நின்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. "அந்த எலுமிச்சை மரத்து வீட்டை நினைச்சுக் கவலைப்படாதையும். இஞ்சையும் வீடு இருக்குத்தானே" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  பேருந்து வந்தது, ஏறிவிட்டாள்.

போன கிழமை ஜெனோவாவிலிருந்து வீட்டுக்காரப் பெண் அவளுக்குப் போன் எடுத்திருக்கிறாள். திறப்பை எடுக்க ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்கிறாள். ஒப்பந்தத்தின் படத்தையும் எலுமிச்சை மரம் நிற்கிற முற்றத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறாள். ஒப்பந்தத்தில் அந்தப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமைத் திகதி இருந்தது.

முந்தாநாள் பின்னேரம் ஆரணி என் அறைக்கு வந்தாள். முதல் தடவையாக வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள். நான் கதிரையைத் துடைத்து வைத்தேன். அதற்கும் வரவில்லை.

"அந்த வீட்டைப் பற்றி அவர் எனக்கே சொல்லேல்லை" என்றாள். "உங்களுக்கு எங்கை வைச்சுச் சொன்னவர்?"

நான் கதிரையை மறுபடியும் துடைத்தேன். 

"நான் இப்பவே போலீசுக்குப் போகலாம். போனா நான் சொல்லுறது ஒண்டு, நீங்கள் சொல்லுறது ஒண்டா இழுபடும். ஏரிக் அவ்வளவு நாளும் உள்ளை கிடக்க ஏலாது. நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டுப் படியால் இறங்கிப் போனாள். பின்னால் போய் வீட்டு வாசல் வரைக்கும் விட்டுவிட்டு வந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்தாள், கடைசியில் ஓடினாள். நானும் ஓட வேண்டியிருந்தது.

அன்று நான் நிறைய யோசித்தேன், தங்கச்சி. ஏழு வருடத்தில் அவள் தானாக என் வாசலுக்கு வந்து என்னிடம் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஒருவன் வாழ்நாள் முழுக்க இதற்காகத்தான் நிற்கிறான். கேட்ட பிறகு எப்படி இல்லை என்பது? காலையில் முகம் வழித்து, சலவை செய்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பத்மநாதன் விதுரனை மலையிலிருந்து தள்ளியது கஜானன் ஆகிய நான். ஏரிக்குக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை. போலீசுக்கு அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் நான் கட்டிய பொய். ஆரணிக்கு எதுவும் தெரியாது. ஏழு வருடத்தில் நான் அவளுடைய விரல் நுனியைக்கூடத் தொட்டதில்லை, இந்த வரியைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்? தமிழில் வைக்கலாமா?

நல்லது. இனி ஒரு சின்ன உதவி. ஆரணி கீழே வாசலில் நிற்பாள். நான் சொல்லி முடித்துவிட்டேன், அவள் கேட்டபடியே எல்லாம் சொல்லிவிட்டேன் என்று போய்ச் சொல்லுங்கள். நேரம் போய்விட்டது, தனியாகப் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இல்லையா? நன்றாகப் பார்த்தீர்களா?

அப்படியென்றால் பேருந்து பிந்தியிருக்கும்.